துக்கம் விசாரிக்க ஆள் வராத சாவு

2023-ஆம் வருஷம் எங்கள் வீட்டில் வரிசையாகச் சாவு விழுந்தது. சொந்தபந்தத்தில் இல்லை, டிவிக்குள். பிப்ரவரி 2-ஆம் தேதி கே. விஸ்வநாத், 4-ஆம் தேதி வாணி ஜெயராம், 5-ஆம் தேதி டி.பி. கஜேந்திரன். அதே மாதம் சிவராத்திரிக்குக் கோயிலில் கண் விழித்த மயில்சாமி, விடிந்தபோது இல்லை. மே மாதம் மனோபாலா, செப்டம்பரில் மாரிமுத்து, வருஷம் முடிய மூன்று நாள் இருக்கையில் விஜயகாந்த். அந்தக் கடைசிச் சாவுக்கு மட்டும் நான் கிளம்பிப் போனேன். தனியாக. போன இடத்தில் பட்டதையும், திரும்பி வந்து பட்டதையும் இப்போது எழுத உட்காரக் காரணம், 2025 செப்டம்பரில் ரோபோ சங்கர் இறந்தபோது எங்கள் தெருப் பையன் ஒருவன் பையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பியதுதான். அவனிடம் வாசலில் நின்று சொன்னது கொஞ்சம். சொல்ல இருந்தது நிறைய.

சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் டிடிபி பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், காலண்டர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் என் கை வழியாகத்தான் மிஷினுக்குப் போகும். வீட்டில் நானும் அம்மாவும்தான். தம்பி திருப்பூரில் இருக்கிறான். அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அப்பா எங்களைத் தியேட்டருக்குக் கூட்டிப் போகிறார் என்றாலே அது விஜயகாந்த் படமாகத்தான் இருக்கும். சின்ன கவுண்டர் வந்த 1992-ல் நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஊரில் யாருடைய தலையிலாவது துண்டைப் பார்த்தால் அந்த நடையை நடந்து காட்டுவார் அப்பா. அவர் ஒரு முறைகூட விஜயகாந்துக்கு ஓட்டுப் போட்டதில்லை என்பது தனிக் கதை. "படம் வேற, கட்சி வேற" என்பார். நடிகர் சங்கக் கடனை அடைக்க மலேசியா, சிங்கப்பூரில் கலைநிகழ்ச்சி நடத்திப் பணம் திரட்டினாரே, அதை மட்டும் யாராவது வீட்டுக்கு வந்தால் தவறாமல் சொல்வார். கூடவே, தனக்கு என்ன சாப்பாடோ அதுவே லைட்மேனுக்கும் என்று யூனிட்டில் இலை போட வைத்ததையும்.

விஜயகாந்துக்கு முன்னால் மாரிமுத்துவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு நடிகர் செத்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதை நான் முதலில் பார்த்தது அம்மாவிடம்தான். எதிர்நீச்சல் சீரியலில் ஆதி குணசேகரன் வந்தாலே அம்மா திட்ட ஆரம்பித்துவிடுவாள். கையில் வெங்காயம் இருந்தால் வெங்காயத்தோடு, முறம் இருந்தால் முறத்தோடு டிவி முன்னால் வந்து நின்று திட்டுவாள். "நல்ல சாவு வராதுடா உனக்கு" என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். செப்டம்பர் 8-ஆம் தேதி காலை அதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த மனிதருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. தானே காரை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார், பிழைக்கவில்லை என்று செய்தி வந்தது. 57 வயது. அன்றைக்கு மத்தியானம் சோறு பொங்கவில்லை. அம்மா அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். "நான் சும்மாதானம்மா வைதேன்" என்று என்னிடம் சொன்னாள், ஏதோ நான் போலீஸ்காரி மாதிரி. தேனிப் பக்கம் பசுமலைத்தேரி என்ற அவருடைய ஊருக்கு உடலைக் கொண்டுபோவதை டிவியில் முழுக்கப் பார்த்தாள். பிறகு அந்த வேஷத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அம்மா பார்த்தாள், ஆனால் திட்டுவதை விட்டுவிட்டாள்.

இங்கே ஒன்று. வீட்டில் வயசான பெண்கள் இருந்தால், தினமும் பார்க்கும் சீரியல் நடிகரின் சாவை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சினிமா நடிகராவது வருஷத்துக்கு ஒன்றிரண்டு படத்தில் வருவார். சீரியல்காரர் தினமும் ராத்திரி நம் வீட்டுக்குள் வந்து போகிறவர். அம்மாவுக்கு நானே போன் செய்து சொல்லியிருந்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "உங்க குணசேகரன் அவுட்டு" என்று சொல்லியிருக்கிறார். அதுதான் அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆறவில்லை. இன்னொன்று, நெஞ்சு அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது என்றால் யாராக இருந்தாலும் தானே வண்டி ஓட்டிப் போகக் கூடாது. 108-க்கு அடியுங்கள், இல்லையா, பக்கத்தில் இருப்பவரை ஓட்டச் சொல்லுங்கள். அம்மாவின் தலைமாட்டில் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து ஒட்டினேன்.

இனி டிசம்பர். விஜயகாந்த் நவம்பரிலிருந்தே ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தார். அந்த வாரங்களில் அவரை வாட்ஸ்அப்பில் எத்தனை முறை சாகடித்தார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. ஒவ்வொரு தடவையும் குடும்பத்தார் மறுக்க வேண்டியிருந்தது. எங்கள் பிரஸ்ஸுக்கே ஒருவர் போஸ்டர் அடிக்க அட்வான்ஸோடு வந்து, செய்தி பொய் என்று தெரிந்து திரும்பிப் போனார். டிசம்பர் 14-ஆம் தேதி கட்சிப் பொதுக்குழுவுக்கு நாற்காலியில் அழைத்து வந்து உட்கார வைத்திருந்த காட்சியைப் பார்த்தபோதே மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. 28-ஆம் தேதி காலை டீக்கடை டிவியில் ஓடிய செய்தியை நான் நம்பவில்லை. அரசுத் தரப்பு அறிவிப்பு வந்த பிறகுதான் நம்பினேன். இப்போதும் அதுதான் என் வழக்கம். குடும்பமோ, ஆஸ்பத்திரியோ, சங்கமோ சொல்லும்வரை யாருக்கும் அனுப்புவதில்லை. கொஞ்ச நேரம் தாமதமாகத் தெரிந்துகொண்டால் எதுவும் குடிமுழுகிப் போகாது.

அரை மணி நேரத்துக்குள் போஸ்டருக்கு ஆள் வந்துவிட்டது. 20க்கு 30 அளவு, நாலு கலர், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒட்ட வேண்டும். எந்தப் படம் வைப்பது என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை. கடைசி வருஷங்களில் மெலிந்துபோயிருந்த படம் எதையும் தொடக் கூடாது என்றார்கள். வெள்ளைச் சட்டையில் மீசையை முறுக்கிய பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்தேன். இடது பக்கம் "தோற்றம் 25.08.1952", வலது பக்கம் "மறைவு 28.12.2023". இந்த இரண்டு வரியை எத்தனையோ பேருக்கு அடித்திருக்கிறேன். ஒரு பழைய ஃபைலைத் திறந்து பெயரையும் தேதியையும் மாற்றினால் வேலை முடிந்தது. அன்றைக்கு அந்த மறைவுத் தேதியை அடிக்கும்போது கை தப்பி 2032 என்று விழுந்தது. திருத்தினேன். கீழே ஒட்டுபவர்களின் பெயர்கள், செல் நம்பர்கள், வட்டப் பொறுப்பு என்று போட்டு முடித்து பிளேட்டுக்கு அனுப்பிவிட்டு, ஓனரிடம் போய், "அண்ணாச்சி, ரெண்டு நாள் லீவு வேணும்" என்றேன். அவர், "காலண்டர் டெலிவரி தலைக்கு மேல இருக்கு. இறந்தது யாரு, உனக்குச் சொந்தமா?" என்றார். சொந்தம் என்று சொல்ல முடியாது. சொந்தம் இல்லை என்றும் எனக்கு வாய் வரவில்லை. சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் ஆம்னி பஸ்ஸில் டிக்கெட் என்ன விலை விற்கும் என்பது தெற்கத்திக்காரர்களுக்குத் தெரியும். போக 1,900 ரூபாய். திரும்புவதற்கு 1,700 என்று காட்டியது, அதையும் அப்போதே போட்டுவிட்டேன். அம்மா ஒரு வார்த்தை தடுக்கவில்லை. தம்பிதான் போனில் கத்தினான்: "அக்கா, ஒரு நடிகனுக்காகப் பொம்பளை தனியாப் போற கூட்டமா அது?" அவன் சொன்னதில் பாதி சரி. அந்தக் கூட்டத்தில் பெண்கள் ஏராளமாக வந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களையும் பார்த்தேன். ஆனால் தனியாக வந்தவர்கள் குறைவு. யாராவது ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போயிருந்தால், நான் பட்டதில் முக்கால்வாசி நடந்திருக்காது.

பஸ் ஏறும்போது உடல் கோயம்பேட்டில் கட்சி அலுவலகத்தில் இருந்தது. அங்கே கூட்டம் தாங்கவில்லை என்று, மறுநாள் காலை 6 மணி முதல் 1 மணி வரை தீவுத்திடலில் வைப்பதாக ராத்திரிக்குள் அறிவித்துவிட்டார்கள். எனக்கு அது பஸ்ஸில் போன் பார்த்ததால் தெரிந்தது. விடிகாலையில் கோயம்பேட்டில் இறங்கியபோது, பட்டன் போன் வைத்திருந்த கிராமத்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக அலுவலகம் இருந்த பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். எதிரே வந்தவர்களிடம் விசாரித்துவிட்டுத் திரும்பி நடந்தார்கள். இப்படிக் கிளம்புகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கடைசி நிமிஷம்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இடம் மாறும், நேரம் மாறும். குடும்பம் அறிவிக்கும் நேரம் ஒன்று, போலீஸ் வாசலை மூடும் நேரம் ஒன்று. 1 மணி வரை என்றால் 1 மணிக்குப் போய் நிற்பவருக்கு இல்லை அது. வரிசையில் நின்றுகொண்டிருப்பவருக்கே கிடைக்காமல் போகலாம்.

மெட்ரோவில் சென்ட்ரல் வந்து அங்கிருந்து நடந்தேன். வரிசை என்று ஒன்று தொடக்கத்தில் இருந்தது, உள்ளே போகப் போக அது கரைந்துவிட்டது. பெரிய ஆட்கள் வரும்போதெல்லாம் நகர்வு நின்றுவிடும். அன்றைக்கு ரஜினி வந்தார், கமல் வந்தார், இன்னும் மந்திரிகள், நடிகர்கள். கார் போன பிறகு கயிற்றை அவிழ்த்ததும் பின்னால் இருப்பவர்கள் மொத்தமாகத் தள்ளுவார்கள். நம் கால் தரையில் இருக்காது. யாரோ தண்ணீர் பாக்கெட் கொடுத்துக்கொண்டே போனார்கள். நான் வாங்கவில்லை, ஏனென்றால் குடித்தால் எங்கே போவது? நின்ற இடத்திலிருந்து வெளியேறினால் மறுபடி வாலிலிருந்துதான் வர வேண்டும். பெண்கள் யாரும் இதை வெளியே சொல்வதில்லை. சொல்கிறேன். உள்ளே நுழைவதற்கு முன் ரயில்வே ஸ்டேஷனிலோ மெட்ரோவிலோ போய்விட்டு வந்துவிடுங்கள். கழுத்தில் இருப்பதைக் கழற்றி ஊரிலேயே வைத்துவிடுங்கள், தாலியைத் தவிர. சேலை வேண்டாம், சுடிதாரும் வார் வைத்த செருப்பும் போதும். என் முன்னால் நின்ற அம்மாவின் முந்தானையை யாரோ மிதித்து அவர் விழப் பார்த்தார். இரண்டு பேர் தூக்கி நிறுத்தினோம்.

அந்தத் தள்ளலில் ஒரு சமயம் தோளில் இருந்த பை லேசாகிவிட்டது. ஜிப் திறந்திருந்தது. போனும் இல்லை, பர்ஸும் இல்லை. பர்ஸில் 4,000 ரூபாய், ஏடிஎம் கார்டு, ஆதார். போன் 13,500 ரூபாய்க்குத் தவணையில் வாங்கியது, பாதித் தவணை பாக்கி. திரும்பும் டிக்கெட்டும் போனுக்குள்தான். கூட்டத்தில் நின்றபடியே அழுதேன். சுற்றி எல்லோரும் அழுதுகொண்டிருந்ததால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா மட்டும் என்ன ஏது என்று கேட்டுத் தன் போனைக் கொடுத்தார். யாருக்குப் பேசுவது? அம்மா நம்பர், தம்பி நம்பர் எதுவும் நினைவில் இல்லை. பெயரைத் தொட்டால் போகிற காலத்தில் நம்பரை யார் மனப்பாடம் செய்கிறார்கள்? எனக்குத் தெரிந்த ஒரே நம்பர், தினமும் பில் புக்கிலும் லெட்டர்பேடிலும் நானே அடிக்கும் எங்கள் பிரஸ் நம்பர்.

அண்ணாச்சிதான் எடுத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "எங்க நிக்க? பாரீஸ் பக்கம் நடந்து போக முடியுமா?" என்று கேட்டார். ஆண்டர்சன் தெருவில் அவருக்குத் தெரிந்த கார்டு கடை ஒன்றில் சொல்லி 1,500 ரூபாய் கொடுக்கச் சொன்னார். அதற்குள் மணி ஒன்றை நெருங்கிவிட்டது, வரிசை நகரவில்லை, வாசலை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு கூட்டத்துக்குள் பரவியது. நான் ஒதுங்கி வெளியே வந்தேன். பணத்தை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது ஊர்வலம் புறப்பட்டிருந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தேன். பூவால் மூடிய வண்டி, அதன் மேலும் சுற்றியும் ஆட்கள், எல்லாக் கையிலும் போன். முகம் தெரியவில்லை. அவ்வளவுதான். கோயம்பேட்டில் அடக்கத்தின்போது குடும்பத்தாரையும் அழைத்தவர்களையும் மட்டும்தான் உள்ளே விட்டார்கள். அடக்கம் முடியும்போது இருட்டிவிட்டது. அதை எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் ஒரு கடையில் ஓடிய டிவியில் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது என்று தெரிந்ததால் பொதிகை எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டு பெட்டியில் ஏறி, விடிய விடிய நின்றும் உட்கார்ந்தும் வந்து சேர்ந்தேன். அடக்கம் நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலிருந்து ஊர் திரும்பத் திட்டம் போடாதீர்கள் என்பது அந்த ரயிலில் புரிந்தது.

திருட்டு நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். முதலில், யாருடைய போனிலிருந்தாவது சிம்மை நிறுத்தச் சொல்ல வேண்டும். பிறகு பேங்குக்குப் பேசி கார்டையும் யுபிஐயையும் முடக்க வேண்டும். கணக்கிலிருந்து பணம் போய்விட்டது என்றால் உடனே 1930, அது சைபர் மோசடிப் புகார் எண். ஒரு போலீஸ் ஸ்டேஷனில், சம்பவம் நடந்த எல்லைக்குப் போய்க் கொடுங்கள் என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். திருட்டுப் புகாரை எந்த ஸ்டேஷனிலும் வாங்கலாம், அதற்கு ஸீரோ எஃப்ஐஆர் என்று பெயர். இதைத் தெரிந்துகொண்டு போய் நின்றால் பேச்சு மாறுகிறது. ஆவணங்கள் தொலைந்ததற்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே அறிக்கை எடுக்கலாம். ஆதாரை 50 ரூபாய் கட்டி பிளாஸ்டிக் அட்டையாகத் தபாலில் வரவழைத்தேன். போனின் ஐஎம்இஐ நம்பர் அது வந்த அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்கும், *#06# அடித்தாலும் வரும். அந்த நம்பர், பில், புகார் நகல், அதே நம்பருக்குப் புது சிம், இவ்வளவும் இருந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாதி தளத்தில் போனையே முடக்கிவிடலாம். என் போன் திரும்பி வரவில்லை. எடுத்தவனுக்கும் உபயோகப்படவில்லை என்ற சின்னத் திருப்தி. தவணையை மட்டும் இல்லாத போனுக்கு ஒழுங்காகக் கட்டி முடித்தேன். பஸ், போன், காசு, பிடித்த சம்பளம் எல்லாம் சேர்த்து 22,000 சொச்சம். ஆமாம், அண்ணாச்சி சம்பளத்தைப் பிடித்தார். ஆண்டர்சன் தெருப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்கவில்லை. அவர் கணக்கு எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

பணத்தைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது ஊர் திரும்பிய பிறகுதான். ஒரு பெரியப்பா இறந்திருந்தால் பத்துப் பேர் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று ஏதாவது இருக்கும். அழுது ஓயும்வரை ஊர் ஒரு இடம் கொடுக்கும். ரசிகருக்கு அது கிடையாது. பிரஸ்ஸில், "என்ன, கேப்டனைப் பார்த்தியா?" என்று கேட்டார்கள். பார்க்கவில்லை என்றதும் சிரித்தார்கள். போன் போன கதைதான் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ராத்திரியில் தூக்கம் வரவில்லை. ஒரு நடிகருக்காக இப்படியா என்று எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. கொஞ்ச நாள் கழித்து அம்மா ஒரு மத்தியானம், "உங்கப்பா செத்தப்ப நீ இப்படி அழலியேம்மா" என்றாள். அப்பா இறந்தபோது ஆஸ்பத்திரி பில், ஆம்புலன்ஸ், தம்பியின் பரீட்சை என்று ஓடியதில் அழ நேரம் இல்லை. தியேட்டரில் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு விசிலடித்த மனிதருக்கு வர வேண்டிய அழுகை இத்தனை வருஷம் கழித்து தீவுத்திடலில் வந்திருக்கிறது. உங்களுக்கும் ஒரு நடிகர் சாவு அளவுக்கு மீறி வலித்தால், அந்தப் படங்களை யாரோடு பார்த்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கூடப் பார்த்த அந்த ஆளைத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து பேசுங்கள். நானும் அம்மாவும் பேசினோம். வைதேகி காத்திருந்தாள் டிவியில் போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசினோம்.

அதற்குப் பிறகு நான் யாருக்காகவும் கிளம்பவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. 2024 நவம்பரில் டெல்லி கணேஷ் போனார், 80 வயதில். விமானப்படையில் வேலை பார்த்துவிட்டு நாடகத்துக்கும் பிறகு சினிமாவுக்கும் வந்து, நானூறு படத்துக்கு மேல் அப்பாவாகவும் மாமனாராகவும் வாழ்ந்தவர். எங்கள் பிரஸ்ஸுக்குப் போஸ்டர் கேட்டு ஒருவர்கூட வரவில்லை. குணச்சித்திர நடிகருக்கு யார் போஸ்டர் அடிப்பார்கள்? அவருக்கு மன்றம் கிடையாது, வட்டப் பொறுப்பாளர் கிடையாது. வேலை முடிந்து நானே ஒன்று வடிவமைத்து, மீந்த ஆர்ட் பேப்பரில் ஒரே ஒரு பிரதி எடுத்து பிரஸ் வாசலில் ஒட்டினேன். கீழே பெயர் போடும் இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் "பார்த்தவர்கள்" என்று போட்டேன். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பைண்டிங் செக்‌ஷன் அக்கா ஒருவர் அவர் நடித்த காட்சிகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். 2025 மே மாதம் நடிகர் ராஜேஷ், ஆகஸ்டில் மதன் பாப் இருவருக்கும் அதையே செய்தேன். மதன் பாப் போஸ்டரில் வாய் மூடியிருக்கும் படம் ஒன்று கிடைக்கவே இல்லை, எல்லாவற்றிலும் சிரிக்கிறார். சிரிக்கும் படத்தையே வைத்தேன்.

சரோஜாதேவி அம்மாவின் ஆள். 2025 ஜூலை 14-ல் பெங்களூரில் 87 வயதில் அவர் இறந்தபோது கண்களைத் தானம் செய்தார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். அதற்கு முந்தின வருஷம் 48 வயதிலேயே போன டேனியல் பாலாஜியின் கண்களையும் கொடுத்திருந்தார்கள். அம்மா, "அந்தக் கண்ணையா? நல்ல காரியம்" என்றாள். பிறகு, "எனக்கு சுகர் இருக்கே, என் கண்ணை எடுப்பாங்களா?" என்று கேட்டாள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கண் வங்கி இருக்கிறது, விசாரித்தேன். சுகர், கண்ணாடி, வயசு எதுவும் தடையில்லை. உயிர் போய் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமையை மூடி ஈரப்பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தி, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் போதும். முக்கியமானது இதுதான்: உறுதிமொழிப் படிவம் கொடுத்திருந்தாலும் அந்த நேரத்தில் வீட்டார் சம்மதம் வேண்டும். அதனால் படிவத்தைப் பீரோவில் பூட்டி வைக்காமல் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அம்மா தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவன், "என்னம்மா திடீர்னு?" என்று பயந்துவிட்டான்.

தெருப் பையன் கதைக்கு வருகிறேன். அவனுக்கு ரோபோ சங்கர் என்றால் உயிர். மேடையில் உடம்பெல்லாம் வெள்ளிப் பெயின்ட் பூசிக்கொண்டு ரோபோவாக ஆடி ஊர் ஊராகப் பிழைத்த மதுரைக்காரர், கலக்கப்போவது யாரு வழியாக டிவிக்கு வந்து, சினிமாவுக்குப் போய், 46 வயதில் போய்விட்டார். பையனைப் போகாதே என்று நான் சொல்லவில்லை. போகிற வயசு. பணத்தை மூன்று இடத்தில் பிரித்து வைக்கச் சொன்னேன். வீட்டு நம்பர் இரண்டைப் பேப்பரில் எழுதிச் சட்டைப் பைக்குள் வைக்கச் சொன்னேன். குடும்பத்துக்கு உதவி என்று எவனாவது க்யூஆர் கோடு அனுப்பினால் காசு போடாதே என்றேன். ஒவ்வொரு சாவுக்கும் அப்படி ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றும். உடலைப் படம் எடுக்காதே, எடுத்தாலும் போடாதே என்றேன். கூட்டாளி ஒருவனையும் கூட அனுப்பினேன். மறுநாள் தகனம், இவன் சேரும்போது எல்லாம் முடிந்துவிடும் என்பதையும் சொன்னேன். முடிந்துதான் இருந்தது.

உடனே போக முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, நிதானமாகப் போவது. விஜயகாந்த் அடக்கமான இடம் கோயம்பேட்டில் அதே கட்சி அலுவலக வளாகத்தில்தான். எல்லா நாளும் ஆட்கள் வந்து போகிறார்கள், சாப்பாடும் போடுகிறார்கள். நானும் அம்மாவும் ஒரு சாதாரண நாளில் போய் வந்தோம். தள்ளுமுள்ளு இல்லை, நிற்க வேண்டிய நேரம் நின்றோம், சாப்பிட்டோம். ஒன்று மட்டும் கவனம். அவரை அடக்கம் செய்த மறுநாள்தான் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். அதனால் தெற்கே இருந்து வருகிற அரசு பஸ் இப்போது கோயம்பேடு வராது. கிளாம்பாக்கத்தில் இறங்கி மாநகர பஸ் பிடிக்க வேண்டும். காலை நேரத்தில் ஒன்றரை மணி நேரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.